நாற்பத்தொன்றாவது வாய்தா

“குமாரசாமி! குமாரசாமி! குமாரசாமி!”

கோர்ட் டவாலி மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வரவில்லை.

“சம்மன் எல்லாமே ‘விலாசத்துல ஆள் இல்லை’ன்னு திரும்பிடுச்சுங்க ஐயா,” என்றார் போலீஸ்காரர்.

புதிதாக வந்த மாஜிஸ்திரேட் பழைய வழக்குகளை வரிசையாக முடித்துக்கொண்டிருந்தார். “ஆறு வருஷம், நாற்பது வாய்தா. போதும். மூணு மணிக்குள்ள அந்தச் சாட்சி வரலைன்னா, இருக்கறதை வெச்சுத் தீர்ப்பு எழுதிடுவேன்.”

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராமாமணி எழுந்தாள். பஸ் விபத்தில் அடிபட்ட சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே திரும்பியதை நேரில் பார்த்தவர் அந்தக் குமாரசாமி ஒருவர்தான். அவர் வராவிட்டால், பஸ் டிரைவரான அவள் கணவர் வரதராஜுலு இனி ஸ்டியரிங்கையே தொட முடியாது.

கோர்ட் வாசலில் இருந்த டீக்கடைக்கு இறங்கி வந்தாள்.

“வாங்க அம்மணி! சக்கரை கம்மியா ஒண்ணு,” கேட்காமலே ஆற்றத் தொடங்கினார் மாஸ்டர். “உங்க பூமி கேஸு இன்னைக்காச்சும் முடியுமுங்களா? இல்ல, பேரன் வந்துதான் வாய்தா வாங்கோணுமா?”

முதல் நாள் வெட்கத்தில் அவள் சொன்ன பொய் அது. ஆறு வருடத்தில் அந்தப் பொய்க்கு ஒரு கிணறும் இரண்டு பங்காளிகளும்கூடச் சேர்ந்திருந்தார்கள். இன்று எல்லாம் முடியப்போகிறது. ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

“பூமியுமில்லை, பங்காளியுமில்லைங்க மாஸ்டர். எங்கூட்டுக்காரர் ஓட்டுன பஸ்ஸுல ஒரு சைக்கிள்காரர் அடிபட்டுக் காலு ஒடிஞ்சுபோச்சு. பீளமேட்டுல. இவர் மேல தப்பே இல்லைங்க.”

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது.

“கேரியர்ல வாழையிலைக் கட்டு இருந்த சைக்கிளுங்களா?”

“ஆமா… அதை நான் சொல்லவே இல்லையே?”

“மொதல் நாளே இதைச் சொல்றதுக்கு என்னங்க அம்மணி!”

அடுப்பை அணைத்துவிட்டு அவர் கோர்ட் படிகளில் ஏறினார். ஒன்றும் புரியாமல், கையில் டீ கிளாஸோடு அவள் பின்னால் ஓடினாள்.

மணி மூன்று. டவாலி கடைசி முறையாகக் குரல் கொடுத்தார். “குமாரசாமி!”

“வந்துட்டேனுங்க!” தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே கூண்டில் ஏறினார் மாஸ்டர். “ரோட்டை அகலம் பண்றோம்னு பீளமேட்டுக் கடையை இடிச்சதுல இருந்து, உங்க வாசல்லதானுங்க டீ ஆத்திட்டிருக்கறேன்!”