ஒரே அடியில் ஸ்டார்ட்

அன்டன் இறந்த பிறகு அவனுடைய வேனைத் தம்பி ஜெரோமிதான் ஓட்டினான். இரவு முழுக்க நின்றால் டீசல் டாங்கிக்கே திரும்ப இறங்கி, பிரஷர் போய்விடும். காலையில் ஏழெட்டுத் தடவை செல்ப் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.

இதைக் கேட்ட வட்டகொடை ஊர் மெக்கானிக் சொன்னார்: "அப்படின்னா கொஞ்சம் முன்னாடிதான் யாரோ ஓட்டியிருக்காங்க."

இருந்த ஒரே சாவி ஜெரோமியிடம் இருந்தது. ஆனால் அந்தக் காலைகளில் டிரைவர் சீட், அன்டனின் நீண்ட கால்களுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது.

அண்ணி யூஜினாவிடம் சொன்னான்.

"எட்டு மாசமா கதவப் பூட்டாம படுக்கிறேன், தம்பி. அவரு வேனுக்கு மட்டுந்தான் வந்துட்டுப் போறாரா?"

அன்று பொழுது சாயுமுன்பே தாழ்ப்பாள் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வேன் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.