மரியாதைப் பயிற்சி

“வண்டி எத்தன மணிக்கு வருதும்மா?” என்று துர்காதேவி கேட்டாள். கேட்டுக்கொண்டே ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் சேலைகளைத் திணித்தாள்.

காப்பி டம்ளரோடு அறைவாசலில் நின்ற வியாகுலம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்த வண்டி? யாருக்கு வண்டி?

காரைக்குடியில் வாடகைக்குப் பிடித்த வீடு அது. மனநோய் குணமாகியும் கூட்டிப்போக ஆள் வராத ஐந்து பெண்கள் அங்கே சேர்ந்து குடியிருந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வது வியாகுலம்மாள். ஐம்பத்தாறு வயது, தெருமுனைவரை கேட்கிற குரல். அந்தக் குரலுக்கும் மனசுக்கும் சம்பந்தமே கிடையாது.

குரலைத் திருத்தத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட வீடுகளை நடத்துகிறவர்களுக்கென்று திருப்பத்தூரில் இரண்டு நாள் நடந்தது. சொல்லிக்கொடுத்த பெனாசிருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசினாள். அவர்கள் நோயாளிகள் இல்லை, அந்த வீட்டில் குடியிருப்பவர்கள். நீங்கள் அவர்களுக்கு எஜமானி இல்லை. ‘வாடி, போடி’யை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வியாகுலம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆறு வருடமாகத் தான் ‘டி’ போடுவதும், அவர்கள் ‘அம்மா’ என்பதும் ஒருவழிப் பாதையாகவே இருந்திருக்கிறதே என்று வெட்கமாகப் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ‘வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க’ என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இன்று காலையில் ஆரம்பித்தாள்.

“காப்பி குடிக்கிறீகளா?” என்று கேட்டதும் மாரீஸ்வரி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே. மற்ற மூன்று பேரும் அப்படித்தான், விசேஷ வீட்டுக்கு வந்தவர்கள்போல நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தார்கள். வியாகுலம்மாள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

கடைசியாக இந்த அறைக்கு வந்து, “துர்கா, எந்திரிச்சிட்டீகளா?” என்றாள். காப்பியை ஆற்றி எடுத்து வருவதற்குள் கட்டைப்பை கட்டிலுக்கு வந்துவிட்டது.

“வண்டியெல்லாம் ஒண்ணும் வரலையே. நீங்க எதுக்குத் துணிய எடுத்து வைக்கிறீக?”

துர்காதேவியின் கை இன்னும் வேகமாக ஓடியது.

“புதுவயல்ல எங்க வீட்டுக்காரரு என்னைய ‘ஏய்’னுதாம்மா கூப்புடுவாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து விட்ட அன்னைக்குத்தான், ‘வாங்க, வண்டியில ஏறுங்க’ன்னாரு. கொணமாகி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூணாம் நாளு மதினி, ‘நீங்க எத்தன நாளு இருப்பீக?’ன்னுச்சு.”

சேலைகளுக்கு மேலே சோப்பு டப்பாவை வைத்தாள்.

“இப்ப நீங்களும் ஆரம்பிச்சிட்டீக. எங்குட்டு அனுப்புறீகன்னு மட்டும் சொல்லிருங்க.”

வியாகுலம்மாளுக்கு விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அதுவும் மரியாதையாகவே வந்து தொலைத்தது. “இல்லைங்க, நீங்க தப்பா நெனைச்சிட்டீக” என்றாள். எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றின கதைதான். துர்காதேவி பையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

தெருக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தும்விட்டாள்.

கையைப் பிடித்து நிறுத்த வியாகுலம்மாளுக்கு உரிமை இல்லை. அதையும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது பூட்டிவைக்கிற இடம் இல்லை, போகிறவர் போகலாம். ஆனால் எங்கே போய் நிற்பாள்? பஸ் நிலையத்திலா? பிள்ளையார்பட்டியில் கோயில் வாசலிலா? பின்னாலேயே ஓடியதில் காப்பி தளும்பிக் கையைச் சுட்டது.

“எங்கடி போவ நீ, கழுதை!”

தெருவுக்கே கேட்டிருக்கும். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு நாள் பயிற்சி ஒரு நொடியில் பாழாய்ப் போயிற்று.

துர்காதேவி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். பையைத் தரையில் வைத்தாள். திரும்பி வியாகுலம்மாளை நேருக்கு நேர் பார்த்தாள். ஆறு வருடத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை.

“ஒனக்கு மட்டும் போறதுக்கு எடம் இருக்காக்கும்?”



கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்கூட வியாகுலம்மாள் ஊருக்குப் போனதில்லை. இப்படி ஒரு கடமை உணர்ச்சியா என்று பெனாசிர் பயிற்சியில் அத்தனை பேர் முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்தாள். சருகணியில் அக்காவை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து, லீவு எடுத்தாலும் போய் இறங்க ஒரு வீடு இல்லை என்பதை வியாகுலம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசில் மேடம், தெருவில் வார்டனம்மா, வீட்டுக்குள் அம்மா. எல்லோரும் ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அக்காவுக்குப் பிறகு அவளிடம் ஒருமையில் பேசிய வாய் இதுதான்.

என்ன திட்டு விழப்போகிறதோ என்று துர்காதேவி பயந்துபோய் நின்றாள். வியாகுலம்மாளோ, இன்னொரு தரம் அப்படிச் சொல்லமாட்டாளா என்று நின்றாள்.