அண்ணனுக்கு எதிராக

"மூத்த ஆம்பிளைப் பிள்ளை ஒருத்தர் இருக்கேக்க, காணியை உங்களுக்கு ஏன் தர வேணும்?"

மதிலுக்கு அந்தப் பக்கம் சட்டப் பேராசிரியர் ரஞ்சனின் குரல். இந்தப் பக்கம் றம்லா, காய்ந்த துணியை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள். காதுக்கு வசதியான இடம் அந்தக் கொடியடிதான்.

கூடப் பிறந்த தங்கச்சியையே 'நீங்கள்' போட்டுக் கதைக்கிற அளவுக்கு மனம் விட்டுப் போய்விட்டதே என்று அவளுக்குத் திக்கென்றது. கொஞ்சம் ருசியாகவும் இருந்தது.

விசயம் துறைமுகத்தடி ஒழுங்கை முழுக்கத் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்கு றம்லா தெரியப்படுத்தியிருந்தாள். ரஞ்சன், தங்கச்சி குணமணி இருவரின் தகப்பனுக்குக் கிளிவெட்டியில் அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த மூன்று ஏக்கர் வயல். தனக்குப் பிறகு யாருக்கு என்று எழுதிவைக்காமலே மனிதர் கண்ணை மூடிவிட்டார். பதினொரு வருடமாக பஸ்ஸேறிப் போய் விதைத்து, வெட்டி, யானைக்குக் காவல் இருந்ததெல்லாம் குணமணி. அரசாங்கக் காணிச் சட்டமோ மூத்த மகனுக்குத்தான் என்றது. அதை எதிர்த்து அவள் அண்ணன் மேலேயே மனுப் போட்டிருந்தாள். நாளைக்குப் பிரதேச செயலகத்தில் விசாரணை. தோற்றால் பிள்ளைகளின் சோற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

அண்ணன் லேசுப்பட்டவரா? ஆணும் பெண்ணும் சட்டத்துக்கு முன் சமம் என்று கொழும்பில் பாடம் நடத்துகிறவர். அதைப் பற்றியே இரண்டு தடித்த புத்தகம் எழுதியவர். போன வருடம் நகர மண்டபத்தில் அவர் பேசியபோது முதலில் கைதட்டியவள் றம்லாதான். உள்ளங்கை சிவக்கத் தட்டியதை நினைக்க இப்போது கைமேலேயே கோபம் வந்தது.

அப்பேர்ப்பட்டவர் நாலு நாளாகத் தங்கச்சி வீட்டிலேயே தங்கி, அவள் ஆக்கிப் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரமானால் அவளையே பிடித்து உலுக்குகிறார்.

"பொம்பிளையால் வயல் பார்க்க ஏலாது எண்டுறன். என்ன சொல்லுறீங்கள்?"

பதிலுக்குக் குணமணி விசும்புவது கேட்டது.

றம்லாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அடுத்தவர் குடும்பக் கதைக்குள் தலை போடாதே என்று தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த புருஷன் ஸெய்னுதீன் சொன்னது காதில் ஏறவில்லை. ஒரு தட்டில் வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டு கிளம்பினாள். சண்டைக்கென்றாலும் அடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மேசைக்கு ஒரு பக்கம் பேராசிரியர். எதிர்க் கதிரையில் கண்ணைத் துடைத்தபடி குணமணி.

"சேர், குறை நினைக்காதீங்க. ஊருக்கெல்லாம் சமத்துவம் படிப்பிக்கிற நீங்க, சொந்தத் தங்கச்சியை இப்பிடி அழ வைக்கிறது சரியா?"

"அதுதான் எனக்கும் கவலை, றம்லா," என்றார் அவர். "நாலு நாளாப் பழக்குறன், இன்னும் அழுகிறா. நாளைக்கு விசாரிக்கிற அதிகாரி இதைவிட மோசமாக் கேப்பார்."

றம்லாவுக்குத் தட்டைக் கீழே வைக்க மறந்துபோனது. எதிராளியே வந்திருந்து பழக்குவதா? அவள் விடவில்லை.

"காணி வேண்டாமெண்டு நீங்களே எழுதிக் குடுத்தா முடிஞ்சுதே, சேர்?"

"குடுத்தா அது அண்ணன் இரக்கப்பட்டுப் போட்டது. வேற வீட்டுத் தங்கச்சிமாருக்கு அது உதவாது." பேராசிரியர் குணமணியைப் பார்த்தார். "என்னைத் தோற்கடிச்சு எடுத்தாத்தான் அது இவட உரிமை. அதுக்குத்தானே எனக்கு எதிரான அந்த மனுவை நானே எழுதினனான்."