அவள் முறை

அவளுடைய இடம் காலியாகவே இருந்தது.

பாயில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடைவெளி. மச்சான் அதில் காலை நீட்டவில்லை. மாமியார் தண்ணீர்ச் செம்பை அங்கே வைக்கவில்லை.

டிசம்பர் இருபத்தாறு. சுனாமிக் குடியிருப்பில் இன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. பத்து மணிக்கு நினைவுத்தூணுக்கு ஊர்வலம். அதற்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். அந்தக் காலையில் எங்கே இருந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்தக் கூடாது.

இருபது வருடமாக இப்படித்தான்.

இந்த வீட்டு மருமகனான அவன், கல்யாணத்துக்குப் பிறகு ஆறு முறை கேட்டிருக்கிறான். தருமபுரிக்காரன். கடலைப் பற்றி அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை. கேட்க மட்டும் பிடிக்கும்.

ஏனென்றால் கதைகள் மாறும்.

மச்சான் அன்று பள்ளிக்கூட மாடியில் இருந்தார். அவருடைய அலை வருடா வருடம் உயரும்.

"ரெண்டு பனமர ஒசரம்," என்றார்.

"போன வருசம் ஒண்ணாத்தான இருந்திச்சு," என்றார் மாமனார்.

"திருத்தக் கூடாதுப்பா."

மாமனார் சிரித்துக்கொண்டார். அவர் அன்று நடுக்கடலில் இருந்தார். படகுக்கு அடியில் அலை போனதே அவருக்குத் தெரியவில்லை. நல்ல மீன்பாடு. சந்தோஷமாகக் கரைக்குத் திரும்பினார். அதற்கு மேல் அவர் சொல்வதில்லை.

மாமியார் மீன் கூடையோடு கடலுக்குத் தள்ளியிருந்த ஊர்த் தெருக்களில் நடந்துகொண்டிருந்தாள். யாரோ ஓடிவந்து சொன்னார்கள். நம்பவில்லை. மிச்சத்தையும் விற்றுவிட்டுத்தான் வந்தாள். அதை ஒரு வருடம் சொல்வாள், ஒரு வருடம் விட்டுவிடுவாள். இந்த வருடம் சொன்னாள்.

சுபாஷினியின் கதை மட்டும் மாறியதே இல்லை.

அவன் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அன்று அவளுக்குப் பதினொரு வயது. தம்பி திருமாறனுக்கு ஐந்து. தம்பியின் உடல் கிடைக்கவில்லை.

"நான் கொழாயடியில நின்னேன். தம்பி பந்து எடுக்கப் போயிருந்தான். நான் பாக்கல."

ஆறு முறையும் இதே மூன்று வாக்கியம். ஒரு சொல் கூடியதில்லை. குறைந்ததில்லை. எல்லாருடைய நினைவும் வளரும்போது இவளுடையது மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று அவன் யோசித்ததுண்டு.

கேட்டதில்லை.

மாமியார் முடித்ததும் முறை காலி இடத்துக்கு வந்தது.

அவன் மகள் தன்ஷிகா எழுந்து போய் அதில் உட்கார்ந்தாள். ஆறு வயது. சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"அம்மாவோடத நான் சொல்றேன்."

"ஒங்கம்மா பாடம் ஒப்பிக்கிற மாரி சொல்லுவா," என்றார் மச்சான். "எங்க, சொல்லு பாப்பம்."

"நான் தம்பியக் கையில புடிச்சிருந்தேன்."

மச்சானின் சிரிப்பு நின்றது.

"பாப்பா, அது அப்புடி இல்ல..."

மாமியார் அவர் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

"அவ மொற. சொல்லட்டும்."

அவன் நிறுத்தியிருக்கலாம். சட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி மகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். சுபாஷினிக்கு இந்த வீட்டில் ஒரு நல்ல பெயர் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விடலாம். திரும்பி வந்து விளக்கம் சொல்ல அவள் இல்லை.

ஆனால் அவனுக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது.

எட்டு மாதத்தில் அவனுக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியது இதுதான் முதல் தடவை.

"தண்ணி வந்திச்சு. ரெண்டு பேரும் ஓடுனோம். அங்க ஒரு வேப்பமரம். ஏறணும்னா ரெண்டு கையும் வேணும்ல. அதான் விட்டுட்டேன்."

வெளியே ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள்.

"இத ஒங்கம்மா எப்பச் சொன்னா?" மாமனார் கேட்டார்.

"ரோடு தாண்டும்போது. ஏம்மா இவ்ளோ இறுக்கிப் புடிக்கிறன்னு கேட்டேன். அதுக்குச் சொன்னாங்க."

மாமியார் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வருமா, அழுகை வருமா என்று அவன் காத்திருந்தான். இரண்டும் வரவில்லை.

"எந்தக் கை?" என்றாள்.

குழந்தை தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது. தெரியவில்லை.

"மாப்ள. ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தான்.

சாலையைக் கடக்கும்போதெல்லாம் சுபாஷினி சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வருவாள். இடது கையால்தான் அவன் கையைப் பிடிப்பாள். அது பழக்கம் என்று நினைத்திருந்தான். மருத்துவமனையில் கடைசி நாள், மருந்து ஏற்றும் ஊசி இடது கையில் இருந்தது. வலது கை போர்வைமேல் சும்மா கிடந்தது. அதைப் பிடிக்கப் போனான். அவள் அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஊசி குத்தியிருந்த கையை அவனிடம் நீட்டினாள்.

"வலது கை," என்றான்.

மாமியார் தலையை அசைத்தாள்.

"சோறு திங்கிற கை."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கையால எப்புடிடி இத்தன வருசம் தின்ன?"

பேத்தியிடம் கேட்கவில்லை.