காந்திபுரம் தரைமட்டம்

"காந்திபுரத்துல மொதல்ல எந்தக் கட்டடம்டா?"

இன்ஸ்பெக்டர் கேட்டு வாய் மூடுவதற்குள் ஏட்டு நாச்சிமுத்துவின் லத்தி ரூபனின் உள்ளங்காலில் இறங்கியது. பெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்த கால்கள் துள்ளின. கத்துவதற்கு அவனிடம் குரல் மிச்சமில்லை.

மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். நாளை மறுநாள் மந்திரி கோயமுத்தூர் வருகிறார். இந்த நேரம் பார்த்து ஏட்டு பிடித்து வந்திருக்கும் ஆள் இவன்.

"பஸ்ஸுல கேட்டதை இன்னொருக்கா சொல்லுய்யா," என்றார் ஏட்டைப் பார்த்து.

"காலையில சரவணம்பட்டி பஸ்ஸுல எனக்கு முன்னாடிதானுங்க ஐயா ரெண்டு பேரும் நின்னாங்க. 'இன்னிக்கு நாலு மணிக்குக் காந்திபுரத்தைத் தரைமட்டம் ஆக்கிப்போட்டுத்தான் மறுசோலி. மிலிட்டரி வந்தா டாங்கியை ஒடைச்சுப்போடலாம்'னு இவன் சொன்னானுங்க. கூட இருந்தவன் வழியில எறங்கிப் போயிட்டான்."

"அது கேமுங்க ஐயா!" ரூபன் முனகினான். "கடையில காசு போட்டு ஆடற, டிவி மாதிரி ஒரு பொட்டிங்க. ராட்சசக் கொரங்கு, பல்லியெல்லாம் வருமுங்க. நாம ஆட்டி வெச்சா அதுக கட்டடத்து மேல ஏறி இடிக்குமுங்க. ஊரு பேரெல்லாம் வெளிநாட்டுப் பேரா வருமுங்க. நாங்களா ஒரு ஊருக்குக் காந்திபுரம்னு பேரு வெச்சுக்கிட்டோமுங்க."

நாச்சிமுத்து சிரித்தார். அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து, பெஞ்சை ஒட்டிய சுவரில் தலையை மோதினார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"கொரங்கு கட்டடத்தை இடிக்குதாமுங்க ஐயா. இந்த வயசுக்கு அப்படியொரு பொட்டியை நான் கண்டதுமில்ல, கேட்டதுமில்ல."

"கூட்டாளி பேரு என்னடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரூபன் வாயை இறுக்கிக்கொண்டான். வம்சி போன வருஷம்தான் நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவன். இந்த அடியில் இரண்டு விழுந்தாலே போய்ச் சேர்ந்துவிடுவான்.

பெஞ்சிலிருந்து அவிழ்த்துத் தரையில் தள்ளினார்கள். ஊன்றிய வலது கையின் மேல் ஏட்டின் பூட்ஸ் ஏறி நின்று திரும்பியது. லேத் பட்டறையில் நூல் பிசகாமல் இரும்பு கடையும் கை. நடுவிரல் ஒடிந்த சத்தம் மேசை வரைக்கும் கேட்டது.

அப்போதும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "போதும் நிறுத்துய்யா. மணி நாலு தாண்டியும் காந்திபுரத்துல ஒண்ணும் ஆகலை. நான் மேலே போன் போட்டுச் சொல்லி, கடைசியில கொரங்கு பல்லின்னு ஆச்சுன்னா என் தொப்பி போயிரும். டேய், எங்க இருக்குது அந்தக் கடை?"

"கணபதியிலீங்க ஐயா."

"அந்தச் சந்துக்குள்ள ஜீப்பெல்லாம் போகாதுங்க ஐயா," என்றார் ஏட்டு. "எதுக்கு வீண் அலைச்சல்? இன்னும் அரை மணி நேரம் குடுங்க, எல்லாத்தையும் கக்க வெச்சுப்போடறேன்."

"போகாட்டி நடந்து போலாம். வண்டியை எடு."

ஜீப் கிளம்பியபோது மணி நாலேகால். வலியைவிட அந்த நேரம்தான் ரூபனை உலுக்கியது. இப்போது வம்சி அங்கே நின்றுகொண்டிருப்பான். பெயரைச் சொல்லாமல் இத்தனை அடி வாங்கியும், ஆளையே காட்டிக்கொடுக்கப் போகிறோமே என்று தவித்தான்.

மெயின் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். வீங்கிய பாதங்களை மண்ணில் வைக்க முடியாமல் ரூபன் இரண்டு தடவை விழுந்தான். இரண்டு தடவையும் ஏட்டு சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

கடை வாசலில் நாச்சிமுத்து நின்றுகொண்டார். "நான் இங்க காவலுக்கு நிக்கறேனுங்க ஐயா."

"உள்ள வாய்யா."

ரூபன் பயந்த மாதிரியே வம்சி அங்கே இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டியின் முன் குனிந்திருந்தான். திரையில் ராட்சசக் குரங்கு ஒன்று மாடிக் கட்டடத்தைக் குத்திக் குத்திப் பொத்தலாக்கியது. ஜன்னலுக்குள் கைவிட்டு ஒரு மனிதனை உருவி வாயில் போட்டுக்கொண்டது. அடுத்த குத்தில் கட்டடம் புழுதியாகச் சரிந்தது.

இன்ஸ்பெக்டர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தார்.

சத்தம் கேட்டுத் திரும்பிய வம்சி, ரூபனின் கண்ணில் உறைந்திருந்த ரத்தத்தையும் தொங்கிய விரலையும் பார்த்தான். "டேய்... கை என்னடா ஆச்சு?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். கோபம் போன இடத்தில் இப்போது கூச்சம் வந்திருந்தது.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஏட்டு மேல வருத்தம் வெச்சுக்காத. அவரு ஊரைக் காப்பாத்தற வெறியில செஞ்சுபோட்டாரு. இந்த மாதிரி பொட்டியை அவரு எங்க கண்டாரு?"

ரூபன் நாச்சிமுத்துவை நிமிர்ந்து பார்த்தான். அவர் தலை கவிழ்ந்து நின்றார். ரூபனின் ஒடிந்த விரல் வலியில் தெறித்துக்கொண்டிருந்தது. ஆனாலும், கேள்விப்படாத ஒருத்தரிடம் குரங்கு, பல்லி என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள் என்று அவனுக்கே தோன்றியது. தெரியாமல் செய்தவரை என்ன சொல்ல? மெல்லத் தலையாட்டினான்.

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு கடைக்காரி யாஸ்மின் வந்தாள். இரண்டு காக்கிச் சட்டைகளைப் பார்த்ததும் ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு ஏட்டின் முகத்தை உற்றுப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, நீங்களா! வாங்கண்ணா, இன்னிக்கென்ன கொரங்கு ஆட்டத்துக்கு நேரமே வந்துட்டீங்க?"