ராட்டினத்தில் முதல் சுற்று

ராட்டினத்தைப் பூட்டியவன்தான் முதல் சுற்றில் தனியாக ஏற வேண்டும். மேலே போகையில் தளர்ந்த போல்ட்டு கண்ணில் பட்டால் அங்கேயே முறுக்கிவிட வேண்டும். திருவிழா திருவிழாவாக ஊர் மாறும் ராட்டினக்காரர்களிடம் மாறாத வழக்கம் அது.

இந்த முறை அந்தோணிமுத்து, புதிதாக வாங்கிய, போல்ட்டு முறுக்கும் பேட்டரி கன்னை வைத்து எல்லா போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டான். டர்ர்ர், டக்டக்டக்! ஒவ்வொரு சத்தத்துக்கும் வேலியோரம் பிள்ளைகள் குதித்தார்கள். கன் இறுக்கியதைக் கை ஸ்பேனர் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த உற்சாகத்தில் ஸ்பேனர் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

“ஏறுங்க,” என்றாள் மோட்டாரருகே நின்ற அவன் மனைவி சகாயராணி.

“முறுக்குனது நானா? இதுதானே! இது ஏறட்டும்.”

கூட்டம் விசிலடித்தது. அவன் கன்னைத் தொட்டிலில் உட்காரவைத்துக் குறுக்குக் கம்பியையும் போட்டான்.

“இருங்க, கம்பி பட்டு விசை அமுங்கி ஓடிடப் போவுது!” சகாயராணி ஓடிவந்து பேட்டரியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். பிறகுதான் மோட்டாரைப் போட்டாள்.

தொட்டில் ஏற ஏறப் பிள்ளைகள் கன்னுக்குக் கையசைத்தார்கள். அது உச்சியை அடைந்ததும் அவள் ராட்டினத்தை நிறுத்தினாள்.

டர்ர்ர், டக்டக்டக்.

“பேட்டரி எங்கடி?”

அவள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். கனமாக, அங்கேயேதான் இருந்தது.

பிள்ளைகள் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். அந்தோணிமுத்து பையைக் கவிழ்த்துக் கொட்டி ஸ்பேனரைத் தேடினான். அதற்குள் மேலே கன் அடுத்த போல்ட்டைத் தொடங்கிவிட்டது.