கேட்கும் முன்

டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தது.

உள்ளே கலர் மிட்டாய். வெளியிலிருந்தே தெரிந்தது.

குழந்தை ஒருமுறை திருகிப் பார்த்தது. இன்னொரு முறை. பிறகு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் போய்த் திறந்து கொடுத்தாள்.

"அய்யோ, அக்கா!" பேச்சுச் சோதனை செய்கிற பெண் ஃபர்சானா தலையில் கை வைத்தாள். "நாந்தான் வேணும்னே இறுக்கி வச்சேன். அவ வாயத் தொறந்து கேக்குறாளான்னு பாக்கத்தான் டெஸ்ட்டே. பரீட்சைல பிட்டு குடுத்துட்டீங்களே."

அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

கை தானாகப் போய்விடுகிறது. சித்தாளாகப் பதினோரு வருடம். கொத்தனார் கையை நீட்டினால் கலவைச் சட்டி அங்கே இருக்க வேண்டும். கேட்க வைத்தால் ஏச்சு. இடுப்பு போன பிறகுதான் குழந்தை பார்க்கிற வேலை.

குழந்தைக்கு நாலு வயது. பெயர் சோயூன். அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. வீட்டில் கொரியன், பள்ளியில் இங்கிலீஷ். இரண்டிலும் பேச்சு வரவில்லை என்று பள்ளி சீட்டு எழுதி அனுப்பியிருந்தது.

இன்று தேறாவிட்டால் தாயும் பிள்ளையும் அடுத்த மாதம் கொரியாவுக்கே போய்விடுவார்கள். வீட்டு டிரைவர் சொன்னார்.

அவளுக்கு அதோடு வேலை முடிந்தது. அடுத்து எந்த வீடு என்று அவள் யோசிக்கவில்லை. குழந்தை இல்லாத காலை எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருமுறை நினைத்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

படங்கள் வந்தன.

ஃபர்சானா இங்கிலீஷில் கேட்டாள். குழந்தையின் அம்மா, மேடம், கொரியனில் கேட்டார். எதில் சொன்னாலும் சேர்த்துத்தான் எண்ணுவேன் என்றாள் ஃபர்சானா.

வாழைப்பழம் கொரியனில் வந்தது. பஸ் இங்கிலீஷில்.

நாய் ஒன்றிலும் வரவில்லை. குழந்தை படத்தில் இருந்த நாயின் காதை விரலால் தடவியது.

அறுபது படம். பதினாறு சொல்.

மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"காது நல்லாத்தான் கேக்குது. சொன்னா புரியுது." ஃபர்சானா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்க்கா உங்ககிட்ட இருப்பா?"

"ஸ்கூல் விட்டு வந்ததுலேந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும். லீவுன்னா முழு நாளும்."

"நீங்க எந்த பாஷைல பேசுவீங்க?"

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஃபர்சானா எடுத்துச் சொல்லிவிடுவாள். சொன்னால் குறை யார் தலையில் விழும் என்பதும் தெரியும்.

ஏதோ இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

"பேசறதில்லம்மா."

"பேசறதில்லன்னா?"

"மூணாவது பாஷை கலந்தா புள்ள கொழம்பிடும்னு மேடம் டிரைவர விட்டுச் சொன்னாங்க. சேந்த அன்னிக்கே. எனக்குத் தமிழ விட்டா வேற எது தெரியும்? அதான் வாயே தொறக்கறதில்ல."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

முதலில் கஷ்டமாக இருந்தது. சோறு ஊட்டும்போது பேச்சு தானாக வரும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். பிறகு கடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபர்சானா மேடத்திடம் இங்கிலீஷில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். மேடத்தின் கை கைப்பையின் வாரைப் பிடித்தது. பிடித்தபடியே இருந்தது.

"ஓகே," என்றார் மேடம். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பேசுங்கக்கா," என்றாள் ஃபர்சானா. "தமிழ்லயே பேசுங்க. ஒண்ணும் கொழம்பாது. வாயில வர்றதப் பேசுங்க. எதிர்ல உக்காந்து, இப்பவே."

அவள் குழந்தையின் முன்னால் முட்டி போட்டாள். இடுப்பு பிடித்தது.

என்ன பேசுவது.

எப்போது பசிக்கும், எப்போது தூக்கம் வரும், எந்தக் காலில் செருப்பு கடிக்கும், எல்லாம் தெரியும். அதில் ஒன்றையும் வாயால் சொன்னதில்லை.

வாயைத் திறந்தாள்.

தொண்டை வறண்டு கிடந்தது. சத்தம் வரவில்லை.

ஃபர்சானா காத்திருந்தாள். மேடம் காத்திருந்தார்.

குழந்தை அவள் வாயைப் பார்த்தது. பிறகு கழுத்தைப் பார்த்தது.

நாற்காலியிலிருந்து இறங்கியது. மேசையைச் சுற்றிப் போனது.

ஃபர்சானாவின் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, சிந்தாமல் நடந்து வந்து, அவளிடம் நீட்டியது.